மஞ்சள் படாத பெட்டி

அந்தத் தம்பி சாப்பிட்டு எழுந்த தட்டைப் பார்த்தால் யார் சாப்பிட்டது என்று சொல்லிவிடலாம். கறிவேப்பிலை, வரமிளகாய், மல்லித் தண்டு எல்லாம் தட்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும். துப்பியது மாதிரி இருக்காது, எடுத்து அடுக்கினது மாதிரி இருக்கும். நடுத்தட்டு கழுவி வைத்ததுபோலச் சுத்தமாக இருக்கும்.

"சாப்பாடு அருமைங்கம்மா" என்பார். அப்புறம் அந்த ஓரத்தைக் காட்டிச் சிரிப்பார். "இதெல்லாம் பிசிறுங்க."

பிசிறு என்ற சொல் எனக்குப் புதிது இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருபது வருடம் அதைத்தான் வெட்டினேன். தைத்து வருகிற பனியனில் தையல் முடிகிற இடமெல்லாம் நூல் தொங்கும். அதை வெட்ட, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கத்தரி ஒன்று கொடுப்பார்கள். கண் மங்கிய பிறகு வேலையை விட்டு, கத்தரியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதே மாதிரி ஒரு கத்தரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்தத் தம்பி என் வீட்டுக்கு வந்தார். அவர் படித்தது கம்ப்யூட்டர் படிப்பு. அவர் அம்மா கம்பெனியில் தையல் மிசின் ஓட்டியவராம்.

"எங்கம்மா மிசினுக்குக் கீழ உக்காந்து பிசிறு வெட்டியே வளந்தவனுங்க நான்" என்று முதல் நாளே சொன்னார். அந்த ஒரு சொல்லில் எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது.

வீட்டுச் சாப்பாட்டைப் போனிலேயே கேட்டு வாங்குகிற மாதிரி ஆப் ஒன்று செய்யப்போவதாகச் சொன்னார். நல்லூரில் எங்கள் லைன் வீட்டில் ஐந்து குடும்பம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாசல், ஒரு குழாய். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் தனி ஆள். கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேருக்கு மதியச் சாப்பாடு ஆக்கிக் கொடுத்து வந்தேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பேசியது பக்கத்து வீட்டுச் சரசக்காதான்.

"அவளுக்கு அஞ்சாவதுதான் தம்பி படிப்பு. போனுல பச்சைய அமுத்திப் பேசுவா, செவப்ப அமுத்தி வெப்பா. அவ்வளவுதான் தெரியும். அவளப் போயி எதுக்குப் புடிச்ச?"

"அதுக்குத்தானுங்க வந்தேன். அம்மாவுக்குச் சுலபமா இருந்துச்சுன்னா ஊரு ஒலகத்துக்கே சுலபமா இருக்கும்."

சரசக்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது புரியாது. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். எனக்குச் சின்னதிலிருந்தே வாய் கிடையாது. யார் எதைக் கேட்டாலும், அதுவும் சோறு என்று கேட்டால், இல்லை என்று சொல்ல நாக்கு வராது. எனக்கும் சேர்த்து அக்கா சொல்லும். "அவகிட்டக் கேக்காதீங்க, சட்டியோட தூக்கிக் குடுத்துட்டுப் பட்டினி கெடப்பா. இன்னைக்கு இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்று வாசலோடு ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். சிடுமூஞ்சி என்று பேர் வாங்கினது அக்கா. தங்கமான மனுசி என்று பேர் வாங்கினது நான்.

தம்பி மூன்று வாரம் தினமும் வந்தார். கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல், சமையல்கட்டு வாசல்படியோரமாக உட்கார்ந்துகொள்வார். பனியனை மடித்து வைக்கிற அட்டையைப் போன் அளவுக்கு வெட்டி, அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து வைத்திருப்பார். நான் வேலை மும்முரத்தில் இருக்கும்போது அந்த அட்டையை நீட்டுவார்.

"அம்மா, ஆர்டர் வந்துருச்சுங்க. நாலு சாப்பாடு. அமுத்துங்க."

"கையெல்லாம் மஞ்சளா இருக்குதுங்களே."

"அதேதானுங்க வேணும். கழுவாம அமுத்துங்க."

பொழுதோடு கிளம்பும்போது அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எந்தப் பெட்டியில் மஞ்சள் அப்பியிருக்கிறது, எதில் இல்லை என்று எண்ணுவார். மஞ்சள் படாத பெட்டியைப் பையிலிருந்து கத்தரியை எடுத்து வெட்டிவிடுவார். மறுநாள் புதுத் தாளில் அது இருக்காது. முதலில் மணி காட்டுகிற பெட்டி போனது. அப்புறம் நீளமாக இருந்த பதார்த்தப் பட்டியல் போனது. பொய் சொல்லக் கூடாது, அவர் வெட்ட வெட்ட எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. வெட்டும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோசம் வரும். வேலை முடிந்த துணியை உதறிப் பார்க்கிற சந்தோசம்.

"ஏந்தம்பி, உனக்கொரு பொண்ணப் பாத்துக் கட்டி வெச்சா, மூக்குத்தி பிசிறுன்னு அதையும் வெட்டிருவியாட்ட இருக்குது" என்று சரசக்கா கேட்கும்.

"மூக்கையே கேப்பனுங்க, எதுக்கு இவ்வளவு நீளம்னு" என்பார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும். முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் தாளில் இரண்டே பெட்டி மிஞ்சியிருந்தது. பச்சைப் பெட்டியில் 'ஆகட்டும்', சிவப்புப் பெட்டியில் 'இல்லை'. அன்று பொழுதோடு தாளைத் தூக்கிப் பார்த்தவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பச்சைப் பெட்டி எண்ணெயும் மஞ்சளுமாக நைந்து ஓட்டை விழுகிற மாதிரி ஆகியிருந்தது. சிவப்பு அப்படியே புதுசாக இருந்தது.

"அம்மா, இந்த மூணு வாரத்துல ஒருக்காக்கூட நீங்க இதத் தொடலைங்க. பருப்பு இல்லாத அன்னைக்கும் பச்சையத்தான் அமுத்துனீங்க."

"சோறு கேக்கறவங்ககிட்ட எப்படிங்க..." என்றேன்.

"மத்த ஊடுகள்லயும் பாத்துட்டனுங்க. நம்மூரு அம்மாக்கள் யாருமே சோத்துக்கு இல்லைன்னு அமுத்த மாட்டீங்கறாங்க."

கத்தரியை எடுத்தார். சிவப்புப் பெட்டி துண்டாகக் கீழே விழுந்தது.

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. தையல் முடிகிற இடத்தில் தொங்குகிற எல்லா நூலும் பிசிறு இல்லை. ஓவர்லாக் தையல் முடிகிற மூலையில் ஒட்ட வெட்டிவிட்டால், இரண்டு தடவை துவைத்ததும் தையல் அங்கிருந்து பிரிந்துகொண்டே போகும். கொஞ்சம் விட்டு வெட்டுங்கள் என்று சூப்பர்வைசர் கத்துவார். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். படித்த பிள்ளைக்கு நான் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அக்கா விடவில்லை. "ஏந்தம்பி, ஊடுன்னா நல்லது கெட்டது வராதா? ஒருத்திக்கு மேலுக்கு முடியாமப் போகாதா? அன்னைக்கு எதைய அமுத்துவா?"

"அப்படி ஏதாச்சும்னா எனக்குப் போன் பண்ணுங்க. நான் இருக்கறனுங்களே."

"நீ இருப்ப" என்று சொல்லிவிட்டு, அக்கா குனிந்து அந்தச் சிவப்புத் துண்டைப் பொறுக்கியது. சட்டியிலிருந்து ரெண்டு சோத்துப் பருக்கையை எடுத்து நசுக்கி, எங்கள் இருவருக்கும் பொதுவான அந்தச் சுவரில், என் பக்கமாக, துண்டை ஒட்டியது. "இந்தா புள்ள, உனக்கு வேணும்ங்கறப்ப இத அமுத்து. நான் வந்து அவனுகள வாசலோட தாட்டி உட்டுக்கறேன்."

மூன்று பேரும் சிரித்தோம்.

ஆப் வந்தது. போனில் மணி அடிக்கும், எத்தனை சாப்பாடு என்று ஒரு பெண் குரல் சொல்லும், பதில் சொல்ல ஒரு பச்சைப் பெட்டி மட்டும் தெரியும். வண்டியில் ஆள் வந்து பொட்டலங்களை வாங்கிப் போவார். ஏழெட்டுப் பேர் பதினெட்டுப் பேர் ஆனார்கள். தம்பி மாதம் ஒரு தடவை வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றை எடுத்திருப்பார். ஆரம்பத்தில், அக்கா கேட்டதற்காக, அவருக்குப் போன் போட மூலையில் தனியாக ஒரு பெட்டி வைத்திருந்தார். யாரும் போடுவதில்லை என்று அதை எடுத்தார். "நம்பருதான் உங்ககிட்ட இருக்குதுங்களே" என்று காலண்டரில் எழுதிக் கொடுத்தார். அப்புறம் பச்சையை அமுத்துகிற வேலையையும் எடுத்தார். பத்து நிமிடம் நான் தொடாவிட்டால் அதுவாகவே 'ஆகட்டும்' என்று ஆகிவிடும். "எப்படியும் அமுத்தத்தானே போறீங்க" என்றார். அதுவும் சரிதான்.

சரசக்கா போனது ஒரு வெடியக்காலையில். குழாயில் தண்ணீர் வந்திருந்தது. குடத்தை வைத்துவிட்டுக் குனிந்தது, நிமிரவில்லை. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொதுவாசலில் கட்டில் போட்டுக் கிடத்தினோம். தாராபுரத்தில் கட்டிக் கொடுத்த மகள் வந்த பிறகு, மதியத்துக்கு மேல் எடுப்பதாகப் பேச்சு. பொணம் எடுக்கிறவரை லைனில் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்ற வைக்க மாட்டோம். பச்சைப் பிள்ளைக்குப் பால் காய்ச்சுவதென்றாலும் அடுத்த தெருவுக்குப் போய்த்தான் காய்ச்சி வருவோம்.

ஏழு மணிக்கு என் வீட்டுக்குள் மணி அடித்தது. அந்தப் பெண் குரல், "பதினெட்டு சாப்பாடு" என்றது. நான் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போவதற்குள் பத்து நிமிடம் தாண்டி, அதுவாகவே 'ஆகட்டும்' என்று ஆகிவிட்டது. திரையில் மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தேன். வேறு ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருந்தது.

காலண்டரைப் பார்த்து நம்பரைப் போட்டேன். நாலாவது தடவைதான் எடுத்தார்.

"தம்பி, சரசக்கா போயிருச்சுங்க."

"அய்யோ... எப்பங்கம்மா? நல்லாத்தானுங்களே இருந்தாங்க?"

"வெடியால. கொழாயடில. வாசல்ல கெடத்தியிருக்குதுங்க. அடுப்புப் பத்த வெக்கக் கூடாதுங்க."

"இருங்கம்மா, வேற ஊட்டுக்கு மாத்தறேன்" என்றார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "எங்கயும் மாத்த முடியலைங்க. எல்லாம் கம்பெனி ஆளுங்க. பெல் அடிச்சா சாப்பிட அரை மணி நேரந்தான், உங்களுக்குத் தெரியாததுங்களா? பதினெட்டுப் பேரு பசியோட உக்காந்திருப்பாங்களேங்கம்மா."

ஆக்குங்கள் என்று அவர் சொல்லவில்லை. அது ஒன்றைத்தான் சொன்னார். என்னை எங்கே அமுத்தினால் பச்சை எரியும் என்று, பக்கெட் மேல் உட்கார்ந்து மூன்று வாரம் பார்த்தவர் அல்லவா?

"சரிங்க" என்றேன்.

கதவைச் சாத்தினேன், சன்னலைச் சாத்தினேன். வாசம் வெளியே போகக் கூடாது, தாளிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். வெறும் சோறு, வெறும் பருப்பு. கேஸைப் பற்ற வைக்கும்போது மூன்று குச்சி அணைந்தது. பருப்பில் மஞ்சள் தூளைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிரே சுவரில் அந்தச் சிவப்புத் துண்டு. அதன்மேல் விரலை வைத்து அமுத்தினேன். நன்றாக அமுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒப்பாரிதான் வந்தது.

பழகின கை குக்கரை மூடி வெயிட்டையும் போட்டுவிட்டது. நான் கவனிக்கவே இல்லை. முதல் விசில் கத்தியபோதுதான் தெரிந்தது. வாசலில் ஒப்பாரி சட்டென்று நின்றது. அந்த அமைதியில் குக்கர் நீளமாகக் கத்தி முடித்தது. அதன் பிறகு ஒரு கிழவி மட்டும் மெதுவாக அழத் தொடங்கினாள். மற்றவர்கள் சேர்ந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

பன்னிரண்டு மணிக்கு வண்டிக்காரர் பெரிய பையோடு வந்தார். கூட்டத்தையும் கட்டிலையும் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேறு வழி கிடையாது. அக்காவின் தலைமாட்டைச் சுற்றித்தான் என் வாசலுக்கு வர வேண்டும். வந்தார். பதினெட்டுப் பொட்டலத்தையும் அதே வழியாகக் கொண்டுபோனார். அக்காவின் மகள் அப்போது வந்திருந்தது. அழுகையை நிறுத்தி அந்தப் பையைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கேட்க மாட்டார்கள். காரியத்துக்குச் சொல்ல வீடு வீடாக வந்தவர்கள் என் வாசலைத் தாண்டிப் போனார்கள். குழாயடியில் நான் போனால், "நீங்க புடிச்சுக்குங்க" என்று குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். அந்த மரியாதைதான் பொறுக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வந்தார். சொன்னதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். கண் கலங்கியது. நடிப்பு இல்லை, நிசமாகவே கலங்கியது.

"எம்மேல தப்புதாங்கம்மா."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டு ஒன்று கேட்டேன். "அந்தச் செவப்புப் பொட்டிய மறுபடியும் வெச்சுக் குடுங்க சாமி."

அவர் கை சட்டைப் பையைத் தடவியது. "பாக்கறேங்கம்மா. ஆனா, இத்தன ஊடு இருக்குதுங்க, இத்தன நாள்ல உங்க ஒருத்தருக்குத்தான் இப்படி ஆயிருக்குது..." என்று இழுத்தார். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, இருபது வருடம் வெட்டினவளுக்குத் தெரியாதா? அன்று என் வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்தார்.

மூன்றாம் மாதம் அக்காவின் மகள் வீட்டைக் காலி செய்ய வந்தது. சாமான்களை ஏற்றிவிட்டு என் வாசலில் வந்து நின்றது. மன்னிச்சிருச்சோ என்று நினைத்தேன்.

"ஏனுங்க சின்னம்மா, இது உங்க ஊடுதானுங்களே?" என்று போனை நீட்டியது.

ஆப்பில் என் வீட்டுப் படம் இருந்தது. பேருக்குக் கீழே தங்க நிறத்தில் ஒரு பட்டையும் அதில் எழுத்தும் புதிதாக வந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஒரு நாளும் இல்லை என்று சொல்லாத வீடு.'

"எங்கம்மா உங்களுக்கும் சேத்து இல்லைன்னு சொல்லிச் சொல்லியே கெட்ட பேரு வாங்கிச் செத்தா" என்றது. சத்தமே போடவில்லை. "நீங்க நல்ல பேரு வாங்கீட்டீங்க. இருக்கட்டுங்க. நான் போயிட்டு வரேனுங்க."

போனை அணைத்துப் பரண்மேல் போட்டேன். ஆப்பிலிருந்து விலகுவதற்கும் திரையில் பெட்டி எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் மதிய வெயிலில் தம்பி வந்தார். வேர்த்து ஒழுகியது. "போனுக்கு என்னாச்சுங்கம்மா? பயந்துட்டனுங்க" என்றபடியே உள்ளே வந்தவர், சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். சிவப்புத் துண்டு வெளுத்து, ஓரம் சுருண்டிருந்தது. நடுவில் என் விரல் அளவுக்கு மஞ்சள் கறை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். அந்தக் காலத்தில் தாளைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"ஒரே ஒருக்காத்தான் அமுத்துனீங்களாம்மா?"

"ஒருக்காத்தானுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு எப்போதும் போல உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அவர் இதுவரை வாய்விட்டுச் சோறு கேட்டதில்லை. கேட்பதற்கு முன்னால் தட்டு வந்துவிடும். அன்று நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பசிக்குதுங்கம்மா. சோறு இருக்குதுங்களா?" என்றார்.

"இல்லீங்க."

பச்சைப்பயறு கடைந்து அப்போதுதான் இறக்கியிருந்தேன். வாசம் வீடு முழுக்க இருந்தது. அவர் அடுப்புப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"சரிங்கம்மா" என்று எழுந்து செருப்பை மாட்டினார். வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனார். ஒரு வார்த்தை கூப்பிட்டால் திரும்பி வந்திருப்பார். பானை நிறையச் சோறு இருந்தது.

நான் கூப்பிடவில்லை.